சில்லறையும் சினமும்: ஒரு பேருந்து நடத்துநரின் நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வில் வருபவர் ஒரே ஆள் அல்ல. நெல்லைச் சீமையில் பேருந்து வேலை பார்க்கும் சிலரும் அவர்கள் வீட்டாரும் ஆலோசனை அறையில் சொன்னவற்றைச் சேர்த்து, அடையாளம் தெரியாதபடி ஒருவராக்கி எழுதியிருக்கிறேன். வயது, ஊர், வழித்தடம், உறவு விவரங்கள் எல்லாம் மாற்றப்பட்டவை.

வந்த காரணம்

வயது 48. நெல்லையிலிருந்து மேற்கே பத்தமடை, சேரன்மகாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி என்று ஆற்றோரமாகவே அம்பாசமுத்திரம் பக்கம் ஓடும் பேருந்தில் நடத்துநர். சர்வீஸ் இருபது வருடத்துக்கு மேல். மனைவி வீட்டிலிருந்தே பீடி சுற்றுகிறார். மகளைத் தென்காசியில் கட்டிக்கொடுத்தாயிற்று. மகன் பிளஸ் டூ படிக்கிறான்.

அவராக வரவில்லை, மச்சினன் கூட்டிவந்தார். அதற்கு முன்பே இரண்டு தடவை நெஞ்சை அடைக்கிறது என்று நெல்லை ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் போய் ஈசிஜி எடுத்திருந்தார். இதயத்தில் கோளாறு எதுவும் இல்லை, ரத்த அழுத்தம்தான் கூடுதல் என்று மாத்திரை எழுதிக்கொடுத்தார்கள். தூக்கத்தைப் பற்றியும் கேட்டுவிட்டு, மனநல ஆலோசனைக்கும் ஒரு சீட்டு கொடுத்தார்கள். மாத்திரையும் வாங்கவில்லை, சீட்டையும் பர்ஸைவிட்டு எடுக்கவில்லை. எடுக்க வைத்தது ஒரு சாப்பாட்டுத் தட்டு.

ராத்திரி டூட்டி முடிந்து வீட்டுக்கு வருகிறார். மகன் பைக்கை எடுத்துப்போய்ப் பெட்ரோல் தீரத்தீர ஓட்டிவிட்டு வாசலில் நிறுத்தியிருக்கிறான். காலையில் நாலு மணிக்கு அதே பைக்கில்தான் டிப்போவுக்குப் போக வேண்டும். இவர் ஒன்றும் சொல்லவில்லை. கைகால் கழுவிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். மனைவி, ‘இன்னும் கொஞ்சம் குழம்பு ஊத்தட்டா?’ என்று கேட்டார். பதில் இல்லை. மறுபடியும் கேட்டார், அதற்கும் பதில் இல்லை. மூன்றாவது தடவை கேட்டபோது தட்டு சுவரில் போய் அடித்தது.

“புளிக்குழம்பு சுவத்துல வழிஞ்சுது. யாரோ எறிஞ்சத நான் பாத்துக்கிட்டு இருந்த மாதிரி இருந்துச்சு சார்.”

இதைச் சொன்னவர், அதே மூச்சில் இதையும் சொன்னார்: “ஆனா பாருங்க, நான் யாருகிட்டயும் கோவப்படுத ஆளே கிடையாது.”

பொய் சொல்கிறார் என்று நினைத்துவிடக் கூடாது. வண்டியில் இவர் கோபப்பட்டு யாரும் பார்த்ததில்லை. டிப்போவில் இரண்டு பேருக்குள் தகராறு என்றால் சமாதானம் பேச இவரைத்தான் கூப்பிடுவார்கள். அந்தப் பேரைக் காப்பாற்றத்தான் இருபது வருடமாகப் பாடுபட்டிருக்கிறார்.

விசில்

ஒரு நாள் வேலையை முதல் டிரிப்பிலிருந்து வரிசையாகச் சொல்லச் சொன்னேன். காலை வண்டி, பால்காரர்கள், பூக்கூடை, அப்புறம் பள்ளிக்கூடப் பிள்ளைகள். இருபது ரூபாய் டிக்கெட்டுக்கு ஐந்நூறு ரூபாய் நோட்டு. மீதியை டிக்கெட்டுக்குப் பின்னால் எழுதிக்கொடுத்தால், “எறங்கும்போது தராம விட்டுருவேரு” என்று கூட்டத்துக்குக் கேட்கிற மாதிரி ஒரு குரல். படியில் தொங்குகிறவனை உள்ளே வரச் சொன்னால் முறைப்பு. ஸ்டாப் இல்லாத இடத்தில் நிறுத்தச் சொல்லி, நிறுத்தவில்லை என்றால் “ஏல, காது கேக்காதால?” என்று மகன் வயதுப் பையன் கேட்பான்.

“அப்ப நீங்க என்ன செய்வீங்க அண்ணாச்சி?”

“சிரிச்சிக்கிடுவேன். வாயில விசில் இருக்குல்லா, அதக் கடிச்சிக்கிடுவேன்.”

சட்டைப்பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தார். பிளாஸ்டிக் முனை நசுங்கி, வெளிறி, முழுக்கப் பல் தடம். அடிக்கடி புதுசு வாங்க வேண்டியிருக்கிறது என்றார், சோப்பு தீர்ந்துபோகிறது என்பது போல.

உள்ளே ஒன்று, முகத்தில் வேறொன்று என்று வைத்துக்கொள்வதையே சம்பளத்துக்கான வேலையாகச் செய்கிறவர்களைப் பற்றி 1983இல் முதலில் விரிவாக எழுதியவர் அமெரிக்கச் சமூகவியலாளர் ஆர்லி ஹோக்‌ஷில்ட். அவர் பார்த்தது விமானப் பணிப்பெண்களை. முகத்தை மட்டும் மாற்றி நடிப்பது ஒரு வகை, எதிரே நிற்பவரின் நிலையை யோசித்து உள்ளேயே மனத்தை மாற்றிக்கொள்வது இன்னொரு வகை என்று இரண்டாகப் பிரித்தார். பிறகு பிரென்ட் ஸ்காட்டும் கிறிஸ்டோபர் பார்ன்ஸும் அமெரிக்காவில் பேருந்து ஓட்டுநர்களையே நாள்தோறும் கவனித்து 2011இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். முகத்தில் மட்டும் சிரித்த நாட்களில் மனநிலை கெட்டது. உள்ளே மாற்றிக்கொண்ட நாட்களில் அப்படிக் கெடவில்லை. 2014இல் பேருந்து ஓட்டுநர்களிடமே நடந்த இன்னோர் ஆய்வில், வேலையில் போட்ட அந்த வேஷம் தூக்கமின்மையாகவும் வீட்டுச் சச்சரவாகவும் பின்தொடர்ந்து வந்ததைக் காட்டினார்கள். ஓட்டுநராவது பெரும்பாலான நேரம் சாலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். நம்மூர் நடத்துநர் நாள் முழுக்க ஜனத்துக்குள்ளேயே நின்று, ஒவ்வொருவர் கையிலும் காசு வாங்குகிறார்.

வெள்ளத்தில் ஒரு சாவு

நெஞ்சடைப்பு எப்போது தொடங்கியது என்று கேட்டேன். ‘போன வருசம்’ என்றார். தேதிகளை ஒட்டிக் கேட்டுக்கொண்டே போனதில், அது 2023 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகான தை மாதத்தில் போய் நின்றது.

அந்த டிசம்பர் 17, 18ஐ இங்கே யாரும் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி இரு கரையும் புரண்டு ஓடியது. இவருடைய அப்பா பக்கவாதத்தில் படுத்து இரண்டு வருடமாகிறது. 18ஆம் தேதி விடியக்காலம் மூச்சு இழுக்கத் தொடங்கியிருக்கிறது. வண்டி வரவில்லை, வரவும் வழியில்லை. மதியத்துக்குள் போய்விட்டார்.

“நீர்மாலை எடுக்க ஆத்துக்குப் போணும்லா. ஆறே தெருவுக்கு வந்துட்டு சார்.” இறந்தவரைக் குளிப்பாட்ட ஆற்றிலிருந்து நீர் எடுத்துவரும் சடங்குதான் நீர்மாலை.

கரண்ட் இல்லை, ஐஸ் பெட்டி ஓடவில்லை. மகளுக்குச் சொல்ல செல்போன் டவர் இல்லை. சுடுகாட்டுக்குப் போகும் பாதையில் இடுப்பளவு தண்ணீர். மறுநாள் தண்ணீர் கொஞ்சம் வடிந்ததும் தெருக்காரர்கள் பத்துப்பேரோடு காரியத்தை முடித்தார். அக்கா தங்கைகள் யாரும் வந்து சேரவில்லை. பாடி அழுவதற்கு ஆளில்லை. பதினாறாம் நாள் விசேஷத்துக்கும் பாதிச் சொந்தம் தங்கள் வீட்டுச் சகதியை அள்ளிக்கொண்டிருந்தது. இவர் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. ‘நானும் உக்காந்துட்டா யாரு பாக்கது?’ என்றார். கேள்வி நியாயமானது. அன்றைக்கு அவர் அழாமல் இருந்ததால்தான் காரியம் நடந்தது.

பதினேழாம் நாள் டூட்டியில் ஏறிவிட்டார். தலையில் மொட்டை இருந்ததால் பயணிகள் சிலர் துக்கம் கேட்டார்கள். “வயசாயிட்டுல்லா” என்று எல்லாருக்கும் ஒரே பதில் சொன்னாராம்.

வீட்டுக்குள்

மனைவியைத் தனியாகப் பார்த்தேன். அவர் சொன்னதிலிருந்து இரண்டு விஷயங்கள் இந்த ஆய்வுக்கு முக்கியம்.

ஒன்று: “அவிய பேசாம உக்காந்திருந்தா எனக்கு நெஞ்சு பதறும். இப்ப வெடிக்குமா, பொறவு வெடிக்குமான்னு பாத்துக்கிட்டே இருக்கணும். நாலு வார்த்த ஏசிட்டாக்கூட நிம்மதியா இருக்கும்.” அப்படிப்பட்ட நாட்களில் சுற்றும் பீடியும் குறைந்துவிடுமாம். இலை வெட்டும் கை தடுமாறுகிறது, கணக்கு ஏறுவதில்லை.

இன்னொன்று: “நேத்து சொன்னத இன்னைக்குக் கேட்டா நெனவில்லங்காவ. மனுசிய மதிச்சாத்தான நெனவிருக்கும்?”

இரண்டாவதை முதலில் எடுத்துக்கொள்கிறேன், அதில் கணவருக்கு நியாயம் செய்ய வேண்டியிருக்கிறது. உளவியலாளர்கள் ஜேன் ரிச்சர்ட்ஸும் ஜேம்ஸ் கிராஸும் 2000இல் வெளியிட்ட சோதனைகளில், முகத்தில் எதையும் காட்டாதே என்று சொல்லப்பட்டவர்கள் அந்த நேரத்தில் காதில் விழுந்த விவரங்களைக் குறைவாகவே நினைவு வைத்திருந்தார்கள். முகத்தைக் காவல் காப்பதே ஒரு வேலை, அதிலேயே கவனம் செலவாகிவிடுகிறது. மனைவி சொல்லும்போது இவர் அலட்சியமாக இருந்தார் என்று சொல்ல முடியாது. எதிரே உட்கார்ந்து, பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார்.

முதல் விஷயம் இன்னும் கனமானது. எமிலி பட்லரும் கூட்டாளிகளும் 2003இல் முன்பின் அறியாத பெண்களை இருவர் இருவராக உட்கார வைத்து, மனத்தைக் கலக்கும் ஒரு படத்தைக் காட்டி, அதைப் பற்றிப் பேச விட்டார்கள். சில சோடிகளில் ஒருத்தியிடம் மட்டும் ரகசியமாக, உணர்ச்சியை வெளிக்காட்டாதே என்று சொல்லியிருந்தார்கள். ரத்த அழுத்தம் கூடியது அடக்கியவளுக்கு மட்டும் அல்ல. எதிரே உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்த, விவரமே தெரியாத பெண்ணுக்கும் கூடியது. பீடித் தட்டோடு உட்கார்ந்திருக்கும் இந்தப் பெண்ணின் நெஞ்சுப் பதற்றம் மனப்பிரமை அல்ல என்று அவரிடம் சொன்னபோது, வெகுநேரம் என்னையே பார்த்தார்.

மகனுக்கும் இதைச் சமாளிக்க ஒரு வழி இருக்கிறது. அப்பா தூங்கிய பிறகு வீட்டுக்குள் வருவது.

மதிப்பீடு

பிஹெச்கியூ-9 அளவையில் மிதமான மனச்சோர்வு வரம்புக்குள் வந்தார். தற்கொலை எண்ணம் உண்டா என்று நேரடியாகவே கேட்டேன். செத்துப்போகணும் என்று இல்லை, ‘எங்கயாவது போயிரலாம்னு தோணும்’ என்றார். 14416 என்ற மனநல உதவி எண்ணை அவர் போனிலும் மனைவி போனிலும் பதிய வைத்தோம். 2022 அக்டோபரில் தொடங்கிய இந்த டெலி மானஸ் சேவையில் ராத்திரியிலும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.

குடி எப்போதாவது என்றார். மனைவி சொன்ன கணக்குப்படி வாரத்துக்கு இரண்டு மூன்று நாள் ஒரு குவாட்டர். படுத்ததும் உறக்கம் வரும், மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடும். மது இரவின் பின்பாதித் தூக்கத்தைக் கெடுக்கும் என்பதை அவர் உடம்பே சொல்லிக்கொண்டிருந்தது.

நீடித்த துக்கக் கோளாறா என்றும் பார்த்தேன். உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 நோய் வகைப்பாடு இதற்கு ஆறு மாதத்தையும், அமெரிக்க மனநோய்க் கையேடான டிஎஸ்எம்-5இன் திருத்தப் பதிப்பு பெரியவர்களுக்கு ஒரு வருடத்தையும் எல்லையாக வைக்கின்றன. காலம் கடந்திருந்தது, ஆனால் இடைவிடாத ஏக்கம் போன்ற மற்ற அடையாளங்கள் முழுதாகப் பொருந்தவில்லை. துக்கம் முற்றிப்போனது என்பதைவிட, தொடங்கவே இல்லை என்பதுதான் என் கணிப்பு.

கிராஸும் ஆலிவர் ஜானும் 2003இல் வெளியிட்ட பத்துக் கேள்வி வினாப்பட்டியலையும் வாசித்துக் காட்டினேன். அதில் ஆறு, நடந்ததை வேறு கோணத்தில் பார்க்கும் பழக்கத்தைப் பற்றியவை. நான்கு, உணர்ச்சியை வெளியே காட்டாமல் வைத்துக்கொள்வதைப் பற்றியவை. அந்த நான்குக்கும் ஏழுக்கு ஏழு போட்டுவிட்டு, “இதெல்லாம் நல்ல குணம்தான சார்?” என்று கேட்டார்.

இந்தப் பட்டியலை வைத்து நடந்த ஆய்வுகளில் எனக்கு முக்கியமாகப் படுவது ஒன்றுதான். எப்போதும் அடக்குகிறவர்களுக்கு வேண்டாத உணர்ச்சி குறைவதில்லை, சந்தோஷம்தான் குறைகிறது. கோபத்துக்குப் போட்ட பூட்டு சிரிப்புக்கும் விழுந்துவிடுகிறது. இவர் ஒரு காலத்தில் கோயில் கொடை விழாவுக்கு வில்லுப்பாட்டு என்றால் விடிய விடிய உட்கார்ந்து கேட்கிற ஆள். போன கொடையில் பத்து மணிக்கே எழுந்து வந்துவிட்டாராம். ஏன் என்று அவருக்கே தெரியவில்லை.

உடம்பில் நடப்பதும் இதை ஒட்டியதே. 1993இல் கிராஸும் ராபர்ட் லெவன்சனும், உறுப்பை வெட்டி எடுக்கும் அறுவைச் சிகிச்சைப் படத்தைக் காட்டி, ஒரு பகுதியினரை முகம் சுளிக்காமல் பார்க்கச் சொன்னார்கள். முகம் அடங்கியது. உள்ளே எழுந்த அருவருப்பு அப்படியே இருந்தது. தோலின் வியர்வை மின்கடத்தல், விரல் ரத்தக்குழாயின் சுருக்கம் போன்ற பரபரப்பு அடையாளங்கள் கூடின.

கிராஸ் 1998இல் வகுத்த மாதிரியில், ஓர் உணர்ச்சி உருவாகும் பாதையில் ஐந்து இடங்களில் நாம் கை வைக்கலாம். எந்தச் சூழ்நிலைக்குள் போவது, போன இடத்தில் எதை மாற்றுவது, எதைக் கவனிப்பது, அதற்கு என்ன அர்த்தம் கொடுப்பது, கடைசியாக எழுந்துவிட்ட உணர்ச்சியை என்ன செய்வது. நம்மவர் முதல் நான்கு ஸ்டாப்பிலும் நிற்காமல் நேரே ஐந்தாவதில் போய்த்தான் விசில் ஊதிக்கொண்டிருந்தார். அங்கே பல்லைத்தான் கடிக்க முடியும்.

என்ன செய்தோம்

முதலில் மூச்சுப் பயிற்சியிலிருந்து தொடங்கினேன். சிரித்துவிட்டார். “கண்ண மூடி மூச்ச இழுத்தா அடுத்த ஸ்டாப் வந்துரும் சார்.” சரி என்று வேலைக்குத் தக்கபடி மாற்றினோம். ரெட்டை விசில் கொடுத்ததும் கம்பியில் சாய்ந்து, வண்டி மூன்றாவது கியருக்குப் போகும்வரை மூச்சை மெதுவாக வெளியே விடுவது. வெளிமூச்சு நீளும்போது இதயத் துடிப்பு தணியும், அது போதும். காதுமடல் சூடாவதுதான் தனக்குக் கோபம் ஏறுவதன் முதல் அடையாளம் என்று இந்தப் பயிற்சியில்தான் கண்டுபிடித்தார்.

அடுத்து, ஒரு சின்ன நோட்டில் ஒவ்வொரு டிரிப் முடிவிலும் எது கோபமூட்டியது என்று ஒரு வார்த்தை எழுதச் சொன்னேன். அவமரியாதை, குடிகாரர், படிக்கட்டு என்றெல்லாம் வரும் என எதிர்பார்த்தேன். வந்தவை எல்லாம் ‘சில்லறை’, ‘சில்லறை’, ‘சில்லறை’.

இதற்கு மனோதத்துவம் எதற்கு? தெருக்கோயில் உண்டியல் காசை எண்ணும் தர்மகர்த்தா அவருக்குச் சொந்தம், டீக்கடைக்காரர் சிநேகிதர். இரண்டு பேரிடமும் சொல்லிவைத்து, வாரத்துக்கு இரண்டு நாள் நோட்டைக் கொடுத்துப் பத்து ரூபாய்க் காசும் சில்லறை நோட்டும் வாங்கிக்கொள்ள ஏற்பாடு. காலையில் ஏறும்போதே பை கனமாக இருக்க வேண்டும். அந்த மாதம் நோட்டில் பதிவுகள் பாதியாகின. நான் கொடுத்த எந்தப் பயிற்சியும் இந்தக் காசுப்பை அளவுக்கு வேலை செய்யவில்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் தொழிலில் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. மாற்றக்கூடிய நிலைமையை விட்டுவிட்டு, மனிதனின் பார்வையை மாற்றப் போவோம். ஆலிசன் டிராயும் கூட்டாளிகளும் 2013இல் காட்டியது இதற்கு நேரான எச்சரிக்கை. கைமீறிய கஷ்டத்தில், நடந்ததை வேறு கோணத்தில் மாற்றிப் பார்க்கும் திறமை உள்ளவர்களுக்கு மனச்சோர்வு குறைவாக இருந்தது. தம் கையில் உள்ள கஷ்டத்தில் அதே திறமை உள்ளவர்களுக்கு மனச்சோர்வு கூடுதலாக இருந்தது. சரிசெய்ய வேண்டியதை, பரவாயில்லை என்று விட்டுவிடுவதால் இருக்கலாம்.

சில்லறை போக மிச்சம் இருந்த கோபத்துக்குத்தான் மாற்றிப் பார்த்தல். ஐந்நூறு நீட்டுகிறவனைப் பார்த்ததும் இவர் மனத்தில் ஓடுவது “வேணும்னே தாரான்” என்பது. பேசிக்கொண்டே இருந்தோம். இவரே ஒரு நாள், “ஏடிஎம்ல அவனுக்கும் ஐந்நூறுதான வருது” என்றார். நான் சொல்லியிருந்தால் உபதேசமாகியிருக்கும்.

டீக்கடைப் பேச்சையும் பார்க்க வேண்டியிருந்தது. டூட்டி முடிந்ததும் நாலு பேர் கூடி, அன்றைய தகராறுகளை நடித்துக் காட்டி, “நானா இருந்தா ஒரு அப்பு அப்பியிருப்பேன்” என்று கொதித்துவிட்டு வீட்டுக்குப் போவார்கள். குக்கர் ஆவி மாதிரி வெளியே விட்டுவிட்டால் அடங்கிவிடும் என்ற நம்பிக்கை. பிராட் புஷ்மன் 2002இல் செய்த சோதனையில், கோபமூட்டியவனையே நினைத்துக்கொண்டு குத்துப்பையைக் குத்தியவர்களுக்குத்தான் கோபம் அதிகமாக இருந்தது. சும்மா உட்கார்ந்திருந்தவர்கள் அவர்களைவிடத் தணிந்திருந்தார்கள். டீயை நிறுத்தச் சொல்லவில்லை. தகராறைச் சொன்ன பிறகு கேரம் போர்டுக்கு நகர்ந்துவிடச் சொன்னேன். அவர்கள் கேட்கவில்லை, இவர் மட்டும் நகர்ந்தார்.

துக்கத்தை நான் தொடவில்லை. தொட்டால் “வயசாயிட்டுல்லா” வரும். அதற்கு பதிலாக, அப்பா சம்பந்தமாக முடிக்காமல் கிடக்கும் வேலை எதாவது உண்டா என்று கேட்டேன். ரேஷன் கார்டில் பேர் நீக்கவில்லை என்றார். ஒரு வருடத்துக்கு மேலாகிறது, இறப்புச் சான்றிதழ் பீரோவில் இருக்கிறது, நேரம் கிடைக்கவில்லையாம். அதை முடித்துவிட்டு வாருங்கள் என்றேன்.

அடுத்த தடவை வந்து நடந்ததைச் சொன்னார். இ-சேவை மையத்துப் பெண் கணினியைப் பார்த்தபடி, “யார் பேரண்ணே நீக்கணும்?” என்றது. சொன்னார். “உங்களுக்கு என்ன வேணும்?” என்றது. வாய் திறக்கவில்லை. சான்றிதழை அங்கேயே வைத்துவிட்டு வெளியே வந்து, கடைக்குப் பின்னால் பைக் பக்கம் போனார்.

“ஹெல்மெட்ட எடுத்து மாட்டிக்கிட்டேன் சார். கண்ணாடியையும் இறக்கிட்டேன். யாரும் பாக்கக்கூடாதுல்லா. உள்ள இருந்துக்கிட்டே அழுதேன். மூச்சு முட்டிட்டு.”

சொல்லும்போதே சிரிப்பு வந்துவிட்டது, எனக்கும். பிறகு அன்றைக்குத்தான் அப்பாவைப் பற்றிப் பேசினார். குத்தகை வயலைப் பற்றி, ஆற்றுப் படித்துறையில் முதுகு தேய்த்துவிட்டதைப் பற்றி, கடைசி ராத்திரி மூச்சு இழுத்த சத்தத்தைப் பற்றி. எல்லாவற்றுக்கும் ‘டென்ஷன்’ என்றே பேர் வைத்திருந்தார். பிரித்துப் பார்த்தால் அதில் களைப்பு ஒன்று, ஜனத்துக்கு முன்னால் பட்ட அவமானம் ஒன்று, அப்பாவைத் தேடும் ஏக்கம் ஒன்று. மேத்யூ லீபர்மனின் 2007 மூளைப்பட ஆய்வில், உணர்ச்சிக்குப் பேர் சொல்லும்போது மூளையில் பயம் போன்ற உணர்ச்சிகளோடு தொடர்புள்ள அமிக்டலா என்ற பகுதியின் கிளர்ச்சி குறைந்தது. பேர் சரியாக இருந்தால் செய்ய வேண்டியதும் தெரியும். களைப்புக்குத் தூக்கம் போதும். ஏக்கம் தூங்கி எழுந்தாலும் அங்கேயே இருக்கும்.

பங்குனி உத்திரம்

எல்லாம் சீராகப் போகிறது என்றிருந்தபோது பங்குனி உத்திரம் வந்தது. குலதெய்வ சாஸ்தா கோயிலில் சொந்தமெல்லாம் கூடியது. பொங்கல் கொதித்துக்கொண்டிருக்கையில் பெரியப்பா மகன், “அன்னைக்கு எப்படியாவது ஹைகிரவுண்டுக்குத் தூக்கிட்டுப் போயிருக்கலாம்ல” என்று ஒரு சொல் விட்டார். இவர் சிரித்துக்கொண்டார். சாயங்காலம் குவாட்டர். ராத்திரி, போனை வைக்கச் சொல்லி மகனை அறைந்துவிட்டார்.

இரண்டு சந்திப்புக்கு வரவில்லை. மூன்றாவதுக்கு வந்து, “பழைய மாதிரியே ஆயிட்டேன்” என்றார். எனக்கு அப்படிப் படவில்லை. அந்தச் சொல் போய்த் தைத்த இடம் ஒன்று உள்ளே இருந்தது. கொண்டுபோயிருந்தால் பிழைத்திருப்பாரோ என்ற கேள்வியை ஒன்றரை வருடமாக இவரே தன்னிடம் கேட்டுக்கொண்டிருக்கிறார். பதிலுக்கு நான் ஆறுதல் சொல்லவில்லை. 18ஆம் தேதி காலை மணிவாரியாக என்ன நடந்தது என்று காகிதத்தில் எழுதினோம். எத்தனை மணிக்குத் தண்ணீர் தெருவுக்கு வந்தது, எந்தப் பாலத்தில் போக்குவரத்து நின்றது, யார் யாருக்குப் போன் போட்டார், எது எடுபட்டது. எழுதி முடித்து அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். “வழி இல்லதான்” என்றார். வண்டிச் சில்லறையில் செய்யக் கூடாதது இங்கே செய்ய வேண்டியதாக இருந்தது. மாற்ற ஒன்றும் இல்லாத இடத்தில் பார்வைதான் மாற முடியும்.

மகனிடம் மன்னிப்புக் கேளுங்கள் என்று நான் சொல்லவில்லை, இந்த ஊரில் எந்த அப்பா கேட்பார்? மறுநாள் காலையில் பைக்கில் பெட்ரோல் நிரப்பிச் சாவியை மகன் மேசையில் வைத்துவிட்டுப் பஸ்ஸில் டூட்டிக்குப் போயிருக்கிறார்.

விவாதம்

இந்தக் கதையைக் கேட்ட சிலர், அடக்கினதுதான் வினை என்று முடிவுகட்டுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. வண்டியில் இவர் அடக்காமல் இருந்தால் நாளுக்கு நாலு அடிதடி. சாவு வீட்டில் அடக்காமல் இருந்தால் காரியம் நடந்திருக்காது. அடக்கத் தெரிந்திருப்பது ஒரு கைத்திறன். இவருக்கு அந்த ஒரு திறன் மட்டுமே தெரிந்திருந்தது, அதையே வீட்டுக்குள்ளும் கொண்டுவந்தார். ஜார்ஜ் பொனானோ 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு நியூயார்க் கல்லூரி மாணவர்களைப் பின்தொடர்ந்து 2004இல் எழுதியதும் இதற்குப் பக்கத்தில் வருகிறது. வெளிக்காட்டவும் முடியும், வேண்டும்போது அடக்கவும் முடியும் என்றிருந்தவர்கள்தான் இரண்டாம் ஆண்டு முடிவில் குறைந்த மன உளைச்சலோடு இருந்தார்கள்.

அமெரிக்க ஆய்வுகளை அப்படியே நம்மூருக்குப் பொருத்துவதிலும் நிதானம் தேவை. பட்லரே 2007இல், ஆசிய விழுமியங்களை அதிகமாக ஏற்றுக்கொண்ட பெண்களுக்கு அடக்குவதால் வரும் பாதிப்பு குறைவு என்று காட்டினார். பெரியவர் முன்னால் குரலை உயர்த்தாதவர் எல்லாம் நோயாளி என்று ஆரம்பித்தால் நெல்லைச் சீமையில் பாதிப்பேருக்குச் சீட்டு எழுத வேண்டிவரும். இந்த வழக்கில் அடக்கம் மரியாதைக்காக இருந்தவரை யாருக்கும் கெடுதல் இல்லை. பயமாக மாறிய பிறகுதான், வீட்டில் ஒருத்தருக்கொருத்தர் முகம் பார்த்து நடுங்கத் தொடங்கினார்கள்.

ஒரு வழக்கை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. ரத்த அழுத்த மாத்திரையை இவர் ஒழுங்காகப் போடத் தொடங்கியதும் ஆலோசனைக்கு வரத் தொடங்கியதும் ஒரே மாதம். குடியையும் குறைத்தார். நெஞ்சடைப்பு நின்றதில் எதற்கு எத்தனை பங்கு என்று பிரித்துச் சொல்ல வழியில்லை.

இப்போதைய நிலை: மனச்சோர்வு அளவை லேசான வரம்புக்கு இறங்கியிருக்கிறது. மாத்திரை தொடர்கிறது. லீவு நாளில் படித்துறைக்குக் குளிக்கப் போகிறார், தனியாகத்தான். மகன் இன்னும் லேட்டாகத்தான் வருகிறான். ரேஷன் கார்டில் பேர் நீக்கியாயிற்று. விசிலை இன்னும் கடிக்கிறார்.

கடைசியாக இருவரும் சேர்ந்து வந்திருந்தார்கள். வீட்டில் எரிச்சல் ஏறினால் “கொஞ்சம் கழிச்சுப் பேசுவோம்” என்று வாயால் சொல்லிவிட்டு எழுந்துபோவது என்று ஓர் ஒப்பந்தம் செய்திருந்தோம், அது எப்படிப் போகிறது என்று கேட்டேன். பாதி நாள் சொல்கிறார் என்றார் மனைவி. மனைவியின் கையை நீட்டச் சொல்லி ரத்த அழுத்தம் பார்த்தேன், கூடுதலாக இருந்தது.

“அவியளுக்கு இத்தன மாசம் பாத்தாச்சு. எனக்கு எப்ப சார் பாப்பீய?”

அடுத்த வாரத்துக்கு அவர் பேரில் ஒரு நேரம் குறித்துக்கொடுத்தேன். பீடி கொண்டுபோய்க் கொடுக்கும் நாள் அது, வேறு நாள் போடுங்கள் என்றார்.